கேபிள் போட்டால் போதாது

கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தின் திருத்திய வடிவத்துக்கு 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை 1,39,579 கோடி ரூபாய். 2011-ல் வேறொரு பெயரில் தொடங்கி, கெடு மேல் கெடு தள்ளிப்போன திட்டம் இது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. சட்டமன்றத்திலும் செய்தியறிக்கையிலும் இத்திட்டத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் கேபிள் போட்டாயிற்று, எத்தனை ஊராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கையே கேட்கிறோம். அந்தக் கேபிளைப் பயன்படுத்தி யாரெல்லாம் சேவை விற்கலாம், எந்த ஊரில் இணைந்துகொள்ளலாம், என்ன விலைக்கு, விண்ணப்பித்த எத்தனையாவது நாளில் என்பதை யாரும் உரக்கக் கேட்பதில்லை. வாய்க்கால் வெட்டிய செலவையே பேசிக்கொண்டு, மதகுச் சாவி யாரிடம் என்று கேட்காமல் விடுவது போன்றது இது. இரண்டு நிறுவனங்களின் வலைகள் சேரும் இடத்தில் விலையும் கெடுவும் இழப்பீடும் எழுத்தில் இல்லையென்றால், போட்ட கேபிளின் பலன் வீடுகளுக்கு முழுதாகப் போய்ச் சேராது.

விஷயம் என்னவென்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு வங்கிக்குச் சென்னையில் தலைமை அலுவலகம், உசிலம்பட்டியில் ஒரு கிளை என்று வைத்துக்கொள்வோம். எல்லா அலுவலகங்களின் இணைப்பையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்க வங்கி விரும்புகிறது. அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் மதுரையிலும் சொந்த ஃபைபர் உண்டு; உசிலம்பட்டிக் கடைத்தெருவில் கிடையாது. அங்கே ஓடுவது இன்னொருவரின் கேபிள். தெருவை மறுபடி தோண்டுவதற்குப் பதில் அந்தக் கடைசித் தொலைவை அவரிடமிருந்து மொத்த விலைக்கு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கேபிள் வைத்திருப்பவர் வங்கிக் கிளையின் தரவைச் சுமந்துவந்து, மதுரையில் ஏதோ ஓர் எக்ஸ்சேஞ்சின் குளிரூட்டிய அறையில், ஒரு ரேக்கில், ஒரு போர்ட்டில் வாங்கியவரிடம் ஒப்படைப்பார். வீட்டு ரவுட்டரின் பின்னால் நாம் செருகும் ஒயர் எந்த ஈத்தர்நெட் முறையில் இயங்குகிறதோ அதே முறைதான் இங்கும் பொது மொழி. யார் தயாரித்த கருவியாக இருந்தாலும் இருபுறமும் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் தரவுக்கும் தனி அடையாள எண் ஒட்டி அனுப்புவதால், ஒரே போர்ட் வழியாக நூற்றுக்கணக்கானவர்களின் தரவு ஒன்றோடொன்று கலக்காமல் போகும். தொழில்நுட்பத்தில் இன்று சிக்கல் ஏதும் இல்லை. சிக்கல் வியாபாரத்தில் இருக்கிறது: அந்த போர்ட்டைத் திறந்துவிட வேண்டியவரே, அதே வங்கிக்குச் சில்லறையில் விற்கக் காத்திருக்கும் போட்டியாளர்.

இந்தியா இதைக் கண்ணெதிரே பார்த்தது 2016 செப்டம்பரில். ஜியோ சேவை தொடங்கியதும் அதன் எண்களிலிருந்து ஏர்டெல், வோடஃபோன், ஐடியா எண்களுக்குப் போட்ட அழைப்புகள் பெருமளவில் தவறின. இணைப்பு முனையின் நெரிசலால் ஆயிரம் அழைப்பில் ஐந்துக்கு மேல் தவறக்கூடாது என்பது விதி. அந்த அக்டோபரிலேயே ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தொலைத்தொடர்பு வட்டத்துக்கு 50 கோடி என்ற கணக்கில் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்தது. இலவச அழைப்பு வெள்ளத்துக்கு ஈடுகொடுத்து ஒரே நாளில் போர்ட் கூட்ட முடியாது என்று அந்நிறுவனங்கள் வாதிட்டன. அதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதை இங்கே தீர்க்கத் தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறை அபராதம் கேட்டு ஓலை அனுப்பியது 2021-ல். அதற்குள் வோடஃபோனும் ஐடியாவும் ஒரே நிறுவனமாகிவிட்டன. சந்தையின் உருவமே மாறிவிட்டது. ஜியோவுக்குப் பின்னால் பெரும் மூலதனம் நின்றது, தாக்குப்பிடித்தது. ஒரு தாலுகாவுக்குள் ஆயிரம் வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டர் ஐந்து மாதம்கூடத் தாங்கமாட்டார்.

தாமதம் எப்படி ஆயுதமாகிறது என்பதற்குப் பிரிட்டனின் ஈத்தர்நெட் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. அங்கே பழைய அரசுத் தொலைபேசித் துறையின் வாரிசான பிடி நிறுவனத்திடம்தான் நாடு முழுக்கத் தெருவுக்கடியில் ஓடும் குழாயும் கம்பியும் இருந்தன. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கொடுத்த நெருக்கடியில், தன் கேபிள் பிரிவைத் தனியே பிரித்து நடத்துவதாக 2005-ல் பிடி உறுதி கொடுத்தது. 2006 ஜனவரியில் ஓபன்ரீச் பிறந்தது. பிடியின் சொந்தச் சில்லறைப் பிரிவு வந்தாலும் வெளியார் வந்தாலும் ஒரே விலை, ஒரே விண்ணப்ப முறை, ஒரே காத்திருப்பு என்பது அதன் அடிப்படை விதி. ஈத்தர்நெட் லைனைச் சொன்ன தேதிக்குள் தராவிட்டால் வாங்கிய நிறுவனத்துக்கு இழப்பீடும் தர வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு இருந்தது: தன் கையை மீறிய காரணத்தால் தாமதம் நேர்ந்தால், வாங்குபவர் சம்மதித்துவிட்டதாகவே கொண்டு தேதியைத் தள்ளிப்போட்டுக்கொள்ளலாம். 2013 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை அந்த விலக்கைத் தவறாகப் பயன்படுத்தி, தர வேண்டிய இழப்பீட்டை ஓபன்ரீச் குறைத்துக்கொண்டது என்று ஆஃப்காம் கண்டறிந்தது. 2017 மார்ச்சில் விதித்த அபராதம் 4.2 கோடி பவுண்ட். பாதிக்கப்பட்ட நிறுவனங்களுக்குத் தர வேண்டிய இழப்பீடு 30 கோடி பவுண்ட் அளவில் இருக்கும் என்று பிடியே மதிப்பிட்டது. ஓபன்ரீச்சைச் சட்டப்படி தனி நிறுவனமாக்க அது இசைந்ததும் அதே மாதத்தில்தான்.

இந்த வழக்கில் நான் முக்கியமாகக் கருதுவது அபராதத் தொகையை அல்ல. பிரிவு தனி, விலைப்பட்டியல் பொது, காவலுக்கு வலுவான ஓர் அமைப்பு, அதற்குப் பல ஆண்டு அனுபவம். இத்தனைக்குப் பிறகும் ஒப்பந்தத்தின் ஒரு விலக்குக்குள் தாமதம் புகுந்துகொண்டது. ஆனால் கெடுவும் இழப்பீடும் எழுத்தில் இருந்ததால்தான் மீறல் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அவை இல்லாத நாட்டில் அதே தாமதம் நடந்திருந்தால், 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரு வரிப் பதிலோடு விஷயம் முடிந்துபோயிருக்கும்.

விலையின் அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம் என்பதை ஆஸ்திரேலியா கற்றுக்கொண்டது, அதுவும் கடினமான வழியில். 2009-ல் அந்நாட்டு அரசு என்பிஎன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது நாடு முழுக்க வலை போடும். வீடுகளுக்கு நேரே விற்காது. நிறுவனங்களுக்கு மொத்த விலையில் ஈத்தர்நெட் இணைப்பு மட்டும் தரும். கேபிள்காரரே சில்லறையில் போட்டி போடும் சிக்கல் இதில் அடியோடு இல்லை. என்றாலும் விலையை இரண்டாகப் பிரித்தார்கள்: வீட்டு இணைப்புக்கு ஒரு மாத வாடகை, இணைப்பு முனையில் எல்லா வாடிக்கையாளர்களின் தரவும் சேர்ந்து போகும் பேண்ட்வித்துக்கு எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) கணக்கில் இன்னொரு கட்டணம். தொடக்கத்தில் அந்த இரண்டாவது கட்டணம் எம்பிபிஎஸ்ஸுக்கு மாதம் 20 ஆஸ்திரேலிய டாலர். விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. சில்லறை நிறுவனங்கள் பேண்ட்வித்தைச் சிக்கனமாக வாங்கின. இரவு எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்க உட்காரும்போது வேகம் விழுந்தது. வீட்டு வாசல் வரை பொதுப்பணத்தில் நல்ல வலை வந்திருந்தும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 2017 டிசம்பரில் சலுகை விலையில் கூடுதல் பேண்ட்வித்தைச் சேர்த்துக் கொடுத்தபின் நெரிசல் சட்டென்று தணிந்தது. புதிதாக ஒரு மீட்டர் கேபிளும் போட வேண்டியிருக்கவில்லை. 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது 40 சதவீதம் வரை கூடுதல் பேண்ட்வித்தைக் கட்டணமின்றித் திறந்துவிட்டார்கள். கடைசியில், 2023-ல் ஏற்கப்பட்ட புதிய ஏற்பாட்டில், 100 எம்பிபிஎஸ்ஸும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டு, மற்றவற்றுக்கும் படிப்படியாக நீக்க முடிவு செய்தார்கள்.

இணையும் இடங்களின் எண்ணிக்கையும் அங்கே பெரிய சண்டையானது. நாடு முழுமைக்கும் 14 முனைகள் போதும் என்றது என்பிஎன். ஏற்கெனவே நகரங்களுக்கிடையே ஃபைபர் போட்டு வைத்தவர்களின் முதலீடு வீணாகும் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் எதிர்த்தது. முடிவில் 121 ஆயிற்று. பெரிய நிறுவனங்களுக்கு அது சுமையில்லை. சிறியவர்களோ அத்தனை ஊருக்கும் தாமே போய் இணைய முடியாமல், நடுவில் உள்ள பெரியவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. முனை எந்த ஊரில் என்பது பொறியாளர்களின் வரைபடத்தில் ஒரு புள்ளிதான். யார் சந்தையில் நீடிப்பார் என்பதையும் அந்தப் புள்ளியே தீர்மானிக்கிறது.

கேபிளைப் பிறருக்குத் திறந்துவிடச் சொல்வதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது முதலீட்டைப் பற்றியது. கோடிகளைக் கொட்டிக் கேபிள் போட்டவர் அதைப் போட்டியாளருக்குத் திறந்துவிட வேண்டுமென்றால், அடுத்த முறை யார் போடுவார்? கேட்க வேண்டிய கேள்விதான். தனியார் தம் சொந்தப் பணத்தில் போடும் புது ஃபைபருக்கு முதல் நாளிலிருந்தே அடிமாட்டு விலை நிர்ணயித்தால் முதலீடு நிற்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆஃப்காமும் 2021-ல் இதை மனத்தில் கொண்டு, புது ஃபைபரின் உயர்வேகத் திட்டங்களுக்கு விலைக் கட்டுப்பாடு வைக்காமல், அடிப்படை வேகத் திட்டத்துக்கு மட்டும் வரம்பு வைத்தது. அந்த ஏற்பாட்டில் ஓபன்ரீச் முதலீட்டை நிறுத்திவிடவில்லை. 2026 முடிவுக்குள் 2.5 கோடிக் கட்டடங்களை ஃபைபரால் எட்டும் இலக்கோடு வேலை செய்கிறது. மொத்த விற்பனையில் கேபிள்காரருக்கு வாடகை வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. தெருவில் ஒருவரே விற்றால் பத்து வீட்டில் மூன்று வீடு சேரலாம். நான்கு பேர் விற்றால் ஏழு சேரலாம். ஏழின் வாடகையும் கேபிளுக்கு உரியவருக்கே போகும். அதோடு, பாரத்நெட் விஷயத்தில் இந்த மறுப்புக்கே இடமில்லை. அது நம் எல்லோருடைய பணம்.

சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும், இந்தியாவில் செல்போன் கோபுரங்களைப் போட்டியாளர்களே சேர்ந்து பகிரவில்லையா என்பார்கள். பகிர்ந்தார்கள், ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐடியாவும் 2007-ல் கூட்டாகத் தொடங்கியதுதான் இண்டஸ் டவர்ஸ். ஆனால் மூவரும் சமபலம் உள்ளவர்கள், மூவருக்கும் மற்றவரின் கோபுரம் தேவைப்பட்டது. பெரிய நிறுவனத்திடம் ஒரு தாலுகாவின் கேபிள் ஆபரேட்டர் போய் நின்றால், அவரிடம் பதிலுக்குக் கொடுக்க ஏதுமில்லை. 2016-ல் இந்திய அரசு கொண்டுவந்த விஎன்ஓ உரிமம் இதற்குச் சாட்சி. சொந்த வலை இல்லாமல், பிறர் வலையை மொத்தமாக வாங்கி விற்கலாம் என்றது அது. வலை வைத்திருப்பவர் விற்றே ஆக வேண்டும் என்று சொல்லாமல், பரஸ்பர உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. உடன்பட வேண்டிய அவசியம் ஒரு தரப்புக்கு இல்லாதபோது உடன்பாடு எங்கிருந்து வரும்?

நம்மிடம் விதிகளே இல்லை என்று சொல்லவில்லை. இணைப்பு கேட்டால் 30 நாளுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று டிராயின் 2018 விதிமுறை சொல்கிறது; ஜியோ சண்டையிலிருந்து கற்ற பாடம் அது, நல்ல பாடம். ஆனால் அது பெரும்பாலும் தொலைபேசி அழைப்பை மனத்தில் வைத்து எழுதியது. நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் லீஸ்டு லைனுக்கு டிராய் 2005-லும் 2014-லும் வைத்த உச்சவரம்புகள் இ1, எஸ்டிஎம்-1 போன்ற பழைய அளவுகளுக்கானவை. இ1 என்பது 2 எம்பிபிஎஸ். இன்று ஒரு வீடே 100 எம்பிபிஎஸ் வாங்கலாம். வாடகைச் சந்தை ஈத்தர்நெட்டுக்கு மாறிவிட்ட பிறகும் விலைக் காவல் பழைய வாசலில் நிற்கிறது. நாட்டில் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் நாலு கோடிச் சொச்சம்தான். வளர வேண்டிய தூரம் நிறைய. இந்த ஓட்டையோடு அந்தத் தூரத்தைக் கடப்பது கடினம்.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியும். கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையில், தரவு மையங்களும் நிக்ஸி இணையப் பரிமாற்ற முனையும் இருக்கும் இடத்தில், பேண்ட்வித் மலிவு. அதைத் திட்டக்குடிக்கோ பேராவூரணிக்கோ கொண்டுபோகும் செலவுதான் சிறிய ஆபரேட்டரின் முதுகை ஒடிக்கிறது. எனவே டான்ஃபிநெட் இரண்டு முனையிலும் கதவு திறக்க வேண்டும்: ஆபரேட்டர் தம் தாலுகாவிலேயே இணைந்துகொள்ளலாம், அவருடைய தரவைச் சென்னையில் அவர் சொல்லும் போர்ட்டில் ஒப்படைக்க வேண்டும், எந்த தாலுகாவாக இருந்தாலும் ஒரே விலைக்கு. கட்டணம் எம்பிபிஎஸ் கணக்கில் ஏறாமல், வீட்டு எண்ணிக்கைக் கணக்கில் இருக்க வேண்டும். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து போர்ட் திறக்கும் நாள் வரை கெடு வைத்து, தவறும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு அடுத்த மாத பில்லில் தானாகக் கழிய வேண்டும். மனுப் போட்டு அலைய விடக்கூடாது. அரசு நிறுவனத்தால் இவ்வளவு கண்டிப்பாக நடக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காகத்தான், எத்தனை விண்ணப்பம் வந்தது, சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று, யாருக்கு எவ்வளவு இழப்பீடு போயிற்று என்ற பட்டியலை மாதாமாதம் மாவட்டவாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். அதே கெடுவும் அதே விலையும் பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும். முன்வரிசையில் நிற்கும் சலுகை அவர்களுக்கும் கிடையாது, அரசின் சொந்தத் துறைகளுக்கும் கிடையாது.