புலி கோப்பையின் எந்தப் பக்கம்?

மாணவர்களே, மே 16 ஆசிரியர் தினத்துக்குப் பரிசு தேடி, சிம்பாங் அம்பாட் கடைகளில் புலியும் பூனையும் போட்ட காப்பிக் கோப்பைகளை நீங்களும் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அழகு இருக்கட்டும், படம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பீங்கானின் பளபளப்பு, உருகி இறுகிய கண்ணாடிப் பூச்சுதான். அதற்கு அடியில் படம் இருந்தால் கண்ணாடியே காவல். விரலால் தடவினால் வழவழவென்றிருக்கும். பூச்சின் மேல் ஒட்டிச் சுட்ட படம் பெரும்பாலும் சற்று மேடாகத் தட்டுப்படும். புலியின் ஆரஞ்சு நிறத்துக்குக் காட்மியமும், சாயம் குறைந்த வெப்பத்தில் உருக ஈயமும் சேர்ப்பவர்கள் உண்டு. புளிப்புப் பானம் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுக்கும். காப்பியைவிட தே ஓ லீமாவ் இதில் மோசம்.

அதனால், அடியில் குட்டித் தவளை எட்டிப் பார்க்கும் கோப்பை எனக்கு உடன்பாடில்லை. (இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குறும்பு உண்டு!) சாயம் பூசிய தவளை சூடான பானத்திலேயே ஊறிக் கிடக்கிறதே. உள்பக்கம் வெறும் வெள்ளையாக, உதடு படும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை படமில்லாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். தங்கக் கோடு வேண்டாம். மைக்ரோவேவில் பொறி பறக்கும்.

தவளையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? நாலு பேனாவைப் போட்டுக் கொடுங்கள், ஆசிரியர் மேசையில் இருக்கட்டும்.