ஏலத்துல வீடு சீப்பா கிடைக்குதா? வாங்குறவரும் இழக்குறவரும் கவனிக்க வேண்டிய அந்த ஒரு நாள்!

"பேங்க் ஏலத்துல வீடு பாதி விலைக்குக் கிடைக்குதாமே..." தருமபுரி டீக்கடைகளில் இந்தப் பேச்சு இப்போது சகஜம். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ஏல அறிவிப்புகளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். அரூர், பாலக்கோடு, பென்னாகரம், நல்லம்பள்ளி என்று தெரிந்த ஊர் பெயர் வந்தால் உடனே விசாரணை தொடங்கிவிடுகிறது.

அந்த அறிவிப்பை இன்னொரு குடும்பமும் பார்க்கிறது. அந்த வீட்டைக் கட்டிய குடும்பம். "ஏலம் நடக்குறதுக்கு முந்தின நாள் வரைக்கும் டைம் இருக்கு, பணத்தைப் புரட்டிக் கட்டிடலாம்" என்று அவர்கள் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

எந்தச் சட்டம் இது?

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம். கடனுக்கு ஈடாக வைத்த சொத்தை, சிவில் கோர்ட்டில் வழக்கு போடாமலே வங்கி கையகப்படுத்தி விற்க இது வழி செய்கிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் போனால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ். அதற்குள் மொத்த பாக்கியையும் கட்டாவிட்டால் வங்கி சொத்தைக் கையகப்படுத்தலாம். வீட்டில் இருப்பவர்களை வெளியேற்ற மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தின் உதவியைக் கேட்கலாம்.

நோட்டீசுக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். கணக்கில் குளறுபடி இருந்தாலோ, கட்டிய தவணை வரவு வைக்கப்படாமல் இருந்தாலோ, கால அவகாசம் கேட்க வேண்டியிருந்தாலோ, அதற்கான சரியான நேரம் இதுதான். ஆனால் பலர் இந்தக் கட்டத்தில் செய்வது, தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது!

தருமபுரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். ஊர் வீடு பூட்டிக் கிடக்கும். தபாலை வாங்க ஆள் இல்லை என்பதால் நடவடிக்கை நின்றுவிடாது. வீட்டுக் கதவில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் வெளியிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக விதிகளில் இடம் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதுதான் கதவில் ஒட்டிய காகிதத்தையே பார்க்கிறார்கள் என்றால், பாதி அவகாசம் போயிருக்கும்.

அந்த ஒரு நாள் எது?

2016-க்கு முன்பு, விற்பனைக்குக் குறித்த தேதிக்கு முன் முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம் என்று இருந்தது. 2016 திருத்தம் அதை மாற்றியது. இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு கட்டினால் மட்டுமே மீட்பது கடன்காரரின் உரிமை. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அறிவிப்பு வந்த பிறகு வங்கியிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் "பணம் கொண்டு வந்திருக்கேன், வீட்டைக் கொடுங்க" என்று உரிமையோடு கேட்க முடியாது.

முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்கூட்டியே அறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. அந்த 30 நாளை, பணம் கட்டக் கிடைத்த கடைசி அவகாசம் என்று நினைத்து நகையையும் மாட்டையும் விற்று ஓடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊர் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு திருத்தம், இவ்வளவு பெரிய விளைவோடு!

வங்கி நடைமுறையில் தவறு செய்திருந்தால் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், அதாவது டிஆர்டியில், 45 நாளுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டில் டிஆர்டி இருப்பது சென்னை, கோயம்புத்தூர், மதுரையில்தான். தருமபுரிக்காரருக்கு எப்படியும் வெளியூர் பயணம், வக்கீல் செலவு. வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவி எண் 15100.

விவசாய நிலத்தில் இருக்கும் வீடு?

தருமபுரியில் பல வீடுகள் கொட்டாய் வீடுகள், அதாவது சொந்த நிலத்துக்குள்ளேயே கட்டியவை. விவசாய நிலத்தின் மீது சர்ஃபாசி செல்லாது என்று 31-வது பிரிவு சொல்கிறது. அப்படியானால் தப்பித்தோமா? அவ்வளவு சுலபம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன இந்தியன் வங்கி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வருவாய்த்துறை ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்யாது. அடமானம் வைத்த நாளில் நிலம் எப்படிப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். தென்னையும் மாவும் இருக்கும் தோட்டத்துக்கும், வீட்டு மனையாகப் பிரித்து அடமானம் வைத்த பழைய புன்செய்க்கும் ஒரே பதில் கிடைக்காது.

கடன் பாக்கி 1 லட்சத்தைத் தாண்டாவிட்டாலும், அசலும் வட்டியுமாகச் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தாலும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. கடைசி சில தவணைகளில் தடுமாறும் குடும்பங்களுக்கு இது பெரிய கேடயம்.

வீடு போனா கடன் தீர்ந்துச்சா?

இல்லை. உதாரணத்துக்கு பாக்கி 18 லட்சம், ஏலத்தில் போனது 14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 லட்சத்துக்கு வங்கி தனியாக வழக்குப் போடலாம். ஏலச் செலவும் கடன்காரர் தலையில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், குடியிருக்க வீடு வாங்கிய கடன் என்றால் வீடு போனதும் கணக்கு முடிந்துவிடும். இங்கே அப்படிக் கிடையாது. மாறாக 20 லட்சத்துக்கு ஏலம் போயிருந்தால், செலவு போக மிச்சத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். இதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்களும் உண்டு.

ஆக, ஏலத்தில் வாங்குபவருக்கு "சீப்" ஆகக் கிடைக்கும் ஒவ்வொரு லட்சமும், இழந்தவர் கணக்கில் கடனாக நிற்க வாய்ப்பு இருக்கிறது. முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் குறைந்தபட்ச விலையை இறக்கி மறுபடி ஏலம் விடுவார்கள். அதற்காகவே காத்திருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

வாங்குபவருக்கு என்ன ரிஸ்க்?

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகள் 2025 ஜனவரியில் தொடங்கிய பேங்க்நெட் இணையதளத்தில் கிடைக்கும். தொடங்கும்போதே 1,22,500-க்கும் மேற்பட்ட சொத்துகள் அதில் ஏற்றப்பட்டதாக மத்திய அரசு சொன்னது. பார்க்கச் சுலபம்தான். பணம் கட்டுவதில்தான் கிடுக்கிப்பிடி.

அதே 14 லட்சம் வீட்டையே எடுத்துக்கொண்டால், ஏலம் கிடைத்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம், அதாவது 3.5 லட்சம் கட்டியாக வேண்டும். மீதி 10.5 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் 3 மாதம். "லோன் வந்துடும்னு நினைச்சேன்" என்றால் 3.5 லட்சமும் போச்சு. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவருக்கும் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கும் இடையிலான வழக்கில், இப்படி 25 சதவீதத்தையும் பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டிய வார்த்தை, "சுவாதீனம்" எப்படிப்பட்டது என்பது. அடையாள சுவாதீனம் என்று இருந்தால், வங்கியிடம் காகிதம் மட்டும்தான். வீட்டுக்குள் பழைய குடும்பமே இருக்கலாம். சாவி எப்போது கைக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதுவரை பெயின்ட் அடிப்பதைப் பற்றிக்கூட யோசிக்க வேண்டாம்.

போக்கியத்துக்குக் குடியிருப்பவர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, பதிவு செய்யாத ஸ்டாம்ப் பேப்பரோடு இருப்பார்கள். அடமானத்துக்குப் பிறகு வந்தவர்கள், பதிவு செய்யாத ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு என்பதை 2019-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. போக்கியத்துக்குப் போகும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், வீடு வங்கியில் இருக்கிறதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். செலவு சில நூறு ரூபாய்தான்.

சாவி கிடைத்த பிறகு?

"உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில்தான் விற்பனை. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு என்றால் கரையான் பிடித்த நிலைக்கதவு, ஒழுகும் மாடி, மண் மூடிய போர்வெல், காணாமல் போன ஒயரும் மோட்டாரும் எல்லாம் வாங்கியவர் பொறுப்பு. பழைய வீட்டு வரி பாக்கியும் வரலாம். பழைய உரிமையாளரின் மின் கட்டண பாக்கியை, விதிகள் அனுமதித்தால், புதியவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே ஏலத்துக்கு முன்பே இணைப்பு எண்ணை வைத்து மின் அலுவலகத்தில் ஒரு நடை விசாரித்துவிடுவது நல்லது.

தருமபுரிக்கு என்றே ஒரு சோதனை உண்டு: தண்ணீர். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சனை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டுக்கு அந்தக் குழாய் இணைப்பு இருக்கிறதா, போர்வெல் மட்டும்தானா என்று பார்க்காமல் டைல்ஸ் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. ஊராட்சிப் பகுதி என்றால் மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, கட்டட வரைபட அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு மாடி எடுக்கவோ, அதே வீட்டின் மேல் கடன் வாங்கவோ போகும்போது அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கடன் கட்ட முடியாமல் திணறுகிறவர்களுக்கு வங்கிக் கிளையில் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்பது, ஒரே தவணையில் முடிக்கும் சமரசத் திட்டம் உண்டா என்று கேட்பது, இரண்டுமே எழுத்தில் இருக்க வேண்டும். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றாலோ, வசூலுக்கு வருபவர்கள் மிரட்டினாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் தரலாம். விவரம் கேட்க 14448. இதையெல்லாம் செய்ய வேண்டியது 60 நாள் நோட்டீஸ் கையில் இருக்கும்போது. பேப்பரில் வீட்டு முகவரியைப் பார்த்த பிறகு அல்ல.