அடியிலே தார் பூசினால் துரு போய்விடுமா?

"சார், அடியிலே கறுப்பு பெயின்டு அடிச்சாச்சு. இனி பத்து வருஷத்துக்குத் துரு கிட்டவே வராது!"

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் பழைய கார் வாங்கப் போகிறவர் காதில் விழும் வசனம் இது. குனிந்து பார்க்கிறார். அடிப்பாகம் கன்னங்கரேல் என்று மின்னுகிறது. மனசு குளிர்ந்து போகிறது. அட்வான்ஸ் கை மாறுகிறது.

அந்தக் கறுப்புக்குள்ளே என்ன இருக்கு? அதைத்தான் யாரும் கேட்பதில்லை. துருவைச் சுரண்டாமல் அதன் மேல் தார் பூசுவது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுகிற வேலை. ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும். காற்றும் வெயிலும் பட்டுக் காய வழியில்லை. ஒன்றும் பூசாமல் கிடந்த வண்டியைவிட இந்த வண்டி முந்தி ஓட்டை விழும்.

உப்பும் புகையும் கூட்டாளிகள்!

நம்ம ஏரியா சாதாரண ஏரியா இல்லை. ஒரு பக்கம் கடல், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு ஏரி. இன்னொரு பக்கம் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் இருக்கின்றன. நிலக்கரிப் புகையிலே இருக்கும் கந்தக வாயு, பனியில் கரைந்து அமிலமாகிறது. கடல் உப்போடு அது சேர்ந்தால் இரும்புக்கு இரட்டைச் சனி.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால், உப்புத் தூள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நம்ம கடலோரத்தில் பல மாதம் விடியற்காலையில் ஈரப்பதம் அதற்கு மேலேதான். ஆக, மழையே பெய்யாத நாளிலும் காரின் அடிவயிறு நனைந்துதான் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், கார் அழுகுகிறது. நமக்கு அந்தச் செலவு இல்லை, காற்றே கொண்டுவந்து போடுகிறது! போதாக்குறைக்கு மீன் லாரி வேறு ஐஸ் தண்ணீரை ரோடு முழுக்க ஒழுகவிட்டுப் போகிறது.

திருவள்ளூர் ஊருக்குள் இவ்வளவு மோசம் இல்லை. கடலைவிட்டுத் தள்ளிப் போகப் போக உப்பு குறையும். காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தார், நாடு முழுக்க இரும்புத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து, எந்த ஊரில் எவ்வளவு அரிக்கிறது என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். ஆனால் திருவள்ளூர்க்காரர் வேலைக்கு மணலிக்கும் எண்ணூருக்கும் தினம் காரில் போய்வந்தால், உப்பும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

தகடு போனால் எலும்பு போச்சு

லாரிக்கு அடியில் தனியாக சேஸிஸ் இருக்கிறது. காருக்கு அப்படி இல்லை. அம்பாசிடரும் மாருதி 800-ம் (இரண்டும் 2014-ல் உற்பத்தி நின்றுபோனவை) பாடியே எலும்பாக உள்ள வண்டிகள். திருவள்ளூரிலேயே 1998-ல் இருந்து தயாரான லான்சரும் அப்படித்தான். நம்ம ஊர் மண்ணில் பிறந்த வண்டி என்று அதை இன்னும் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் உண்டு. பாசம் சரி, அடியைப் பார்த்தீர்களா?

சீட்டும் சீட் பெல்ட்டும் இந்தத் தகட்டை நம்பித்தான் நிற்கின்றன. பிரேக் ஆயில் போகும் குழாயும் இரும்புதான். துரு தின்ற குழாய், அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும். டயர் மாற்ற ஜாக்கி வைத்தால் வண்டி மேலே எழும்பாமல் ஜாக்கி உள்ளே புகுந்தால், "டப்பா வண்டி" என்று சிரித்துவிட்டுப் போகக்கூடாது. பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது.

துருவுக்கு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால்தான் பெயின்டு கொப்பளிக்கிறது. கொப்பளம் வெளியே தெரியும்போது உள்ளே தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

தென்னங்குச்சி வைத்தியம்

வழி இல்லாமல் இல்லை. செலவும் அதிகம் இல்லை. மேலே பாலிஷ் போடக் கொடுக்கிற காசை முதலில் கீழே போடுங்கள். மாசம் ஒரு தடவை வாட்டர் சர்வீஸ் விடும்போது, "மேலே விடுப்பா, வீல் வளைவுக்குள்ளேயும் அடியிலேயும் நல்லா அடி" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியே இறங்கும் மழைத் தண்ணீர் வடியத்தான் கம்பெனிக்காரன் வைத்தது. மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள்ளே குளம்! ஒரு தென்னங்குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் ரன்னிங் போர்டுக்கும் இதே கதை. மழைக்காலம் முடிந்ததும் தரை விரிப்பைத் தூக்கி, டிக்கியில் ஸ்டெப்னியையும் எடுத்து, வெயிலில் கதவைத் திறந்து போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கி மூடுவதைவிட வேப்பமர நிழலில் சும்மா நிறுத்துவதே மேல்.

துரு பிடித்துவிட்டதா? உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரிகிறவரை தேய்க்கவேண்டும். காயவைத்து பிரைமர், அப்புறம் பெயின்டு, கடைசியில்தான் அந்தக் கறுப்பு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நடுக்கடலில் நூறு வருஷம் தாண்டி நின்றது என்றால், சுரண்டு, பூசு, மறுபடி சுரண்டு என்ற ஓயாத வேலையால்தான். சுரண்டுகிற கூலியை மிச்சம் பிடித்துப் பூசுகிற கூலியை மட்டும் கொடுக்கிறோமே, அங்கேதான் ஏமாறுகிறோம்.

சில மெக்கானிக்குகள் என்ஜினில் இருந்து இறக்கிய பழைய ஆயிலை அடியில் பீய்ச்சுவார்கள். துரு கொஞ்சம் மட்டுப்படும், பொய்யில்லை. ஆனால் அதில் இருக்கும் அழுக்கும் அமிலமும் ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், சொட்டும் இடத்தில் மண்ணும் பாழ். புது கிரீஸோ மெழுகு ஸ்பிரேயோ அடிக்கலாம். பிரேக்கிலும் சைலன்சரிலும் மட்டும் படவே கூடாது.

வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு காந்தம் போட்டுக்கொள்ளட்டும். கைக்குட்டையில் சுற்றிக் கதவு அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகடு. நழுவினால் பட்டி! 2023 டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னைப் பக்கம் கார்கள் முங்கிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி முங்கிய வண்டிக்கு உள்ளேயிருந்துதான் துரு வரும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

சுத்தியல் எங்கே?

15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டி ஆபத்து, அதனால் கட்டணம் என்கிறார்கள். நியாயம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆபத்து இருக்கிற இடத்தைப் பார்க்கவேண்டாமா? வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கறுப்புப் பூச்சின் மேல் சுத்தியலால் தட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா? 'டங்'கென்றால் இரும்பு, 'பொத்'தென்றால் துரு. 10,000 ரூபாய் வாங்குகிற இடத்தில் ஒரு சுத்தியல் வாங்கி வைக்கக்கூடாதா?