அன்பால் சாகும் மீன்

கள்ளக்குறிச்சியில் நண்பர் வீட்டு மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள், சிவப்புக் குல்லாய் வைத்தாற்போல ஓர் ‘ஒராண்டா’ தங்கமீன். சென்னைக் கொளத்தூரில் வாங்கியதாம். “பசிக்குமே, மாமா!” என்று குழந்தை வேளைக்கு வேளை பொரி போட, மீன் தலைகீழாக மிதந்தது!

தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. மிஞ்சிய தீனியும் கழிவும் சேர்ந்து நீரை அமோனியா விஷமாக்கிவிடும். இரண்டு நாள் பட்டினி போடச் சொன்னேன். மூன்றாம் நாள் நிமிர்ந்துவிட்டது.

வடிகட்டி வைத்த 70 லிட்டர் தொட்டி, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன தண்ணீர், வாரந்தோறும் கால் பங்கு நீர் மாற்றம். இவ்வளவுதான்.

வளர்த்து அலுத்துவிட்டதா? கல்வராயன் மலையிலிருந்து வரும் கோமுகி ஆற்றில் விட்டுவிடாதீர்கள். இதன் நோய் நாட்டு மீன்களுக்கும் தொற்றலாம். தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள்.

அன்பு வேண்டியதுதான், ஊறவைத்த தீனியாக, ஒரு சிட்டிகை போதும்!