தென்காசியில் பல்கலைக்கழக வளாகம் வேண்டும்

திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கப்பெற்றது. 2019-இல் தனி மாவட்டமான தென்காசியிலும் அதன் வளாகம் ஒன்று அமைய வேண்டும் என்பது நமது கருத்து.

குற்றாலத்தில் 1964 முதல் பராசக்தி மகளிர் கல்லூரி உள்ளது. ஆழ்வார்குறிச்சியில் இப்பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையமே உள்ளது. இன்னும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் காய்கறி, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் சரக்கு ஆகியவற்றை நம்பியே நம் வியாபாரம் நடக்கிறது. விளைபொருளைக் கெடாமல் காப்பதையும் சரக்குப் போக்குவரத்தையும் முறையாகப் படிக்க நம் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. அந்தப் படிப்புகளுக்காகவே வளாகம் கேட்கிறோம்.

சாரல் ஓய்ந்தால் குற்றாலக் கடைகளில் ஈ ஓட்டுகிறோம்; மாணவர் வந்தால் ஆண்டு முழுதும் வியாபாரம் நடக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அதை எண்ணி வாடகையை ஏற்றிவிட்டால், எந்தக் கிராமத்துப் பிள்ளைக்காகக் கேட்கிறோமோ அந்தப் பிள்ளையே இங்கு தங்க முடியாது.

ஆகவே நமது சங்கம் மனு கொடுப்பதோடு நின்றுவிடலாகாது. மாணவர் பயிற்சிக்கு நம் கடைகளையும் கிட்டங்கிகளையும் திறந்துவிடுகிறோம், நம் கட்டடங்களில் நியாயமான வாடகைக்கு இடம் தருகிறோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமா?