வழிவிட்ட பாதை

சென்ற இதழில் இப்பகுதி வெளிவராதது ஏன் என்று அன்பர்கள் சிலர் வினவியிருந்தனர். நாம் ஊரில் இல்லை. கென்யா நாட்டில் இருந்தோம். இரயில்வேக் குமாஸ்தாவுக்கு ஆப்பிரிக்கப் பயணமா என்று வியக்க வேண்டாம். மொம்பாசா நகரில் கணக்கராகப் பணியாற்றும் நம் மைத்துனர், "அக்காவையும் பிள்ளையையும் ஒருமுறையேனும் அழைத்து வாருங்கள், அத்தான்" என்று ஆறு ஆண்டுகளாக எழுதி வந்தார். பயணச் செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டார். மீதியை நாம் சிறுகச் சிறுகச் சேர்த்தோம். செப்டம்பர்த் திங்களில் புறப்பட்டோம்.

அங்கே கண்டதைச் சொல்லுமுன், இங்கிருந்து நாம் சுமந்து சென்ற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டிகள் காலந்தவறிய காரணங்களை நாள்தோறும் தொகுத்து அட்டவணையாக்குவது நம் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால விடியற்பொழுதில், காட்டுப் பகுதியிலிருந்து செய்தி வந்தது. தாய் யானை ஒன்றும் அதன் குட்டியும் வண்டியில் அடிபட்டு மாண்டன. நாம் எழுதிய வரி இதுதான்: 'காரணம்: காட்டு விலங்கு. தாமதம்: 52 நிமிடம்.' அதற்கு மேல் எழுத அட்டவணையில் இடமில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டோம். கூட்டத்தின் மற்ற யானைகள் பொழுது புலரும்வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை என்று ஓட்டுநர் ஒருவர் பின்னொரு நாள் சொன்னார். அன்று முதல் அந்த ஒற்றை வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

மைத்துனர் எங்களைக் கூட்டிச் செல்லத் தேர்ந்த இடம் சாவோ கிழக்கு வனவிலங்குக் காப்பகம். "பெயரே மங்களமாக இல்லையே!" என்றாள் நம் இல்லாள். அவ்வட்டாரத்துக் காம்பா மக்களின் மொழியிலும் அப்பெயருக்குப் படுகொலை என்றே பொருள் கூறுவர் என்று மைத்துனர் சொல்லவே, அவள் அச்சம் இன்னும் வளர்ந்தது. பதினொரு வயது மகனுக்கோ மகிழ்ச்சி தாளவில்லை.

'சஃபாரி' என்னும் சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. நம் நிலையங்களின் ஒலிபெருக்கியில் இந்தியில் நாள் முழுதும் கேட்கும் 'சஃபர்' என்பதும் அதே வேரினது. வீட்டுச் சொல் ஒன்றை அயல்நாட்டில் கண்டதுபோல் இருந்தது நமக்கு.

மொம்பாசாவிலிருந்து வோய் என்னும் ஊருக்கு இரயிலிலேயே சென்றோம். 2017-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாதை அது. தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அதன் அருகிலேயே பழைய மீட்டர் பாதையும் பல இடங்களில் கண்ணில் பட்டது. அந்தப் பழைய பாதைக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. 1896-இல் மொம்பாசாவில் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரியை எட்டிய அப்பாதைக்காக, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் ஊர் திரும்பாமலே மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுக்குப் பாலம் கட்டுகையில், பிடரி மயிரற்ற இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரங்களுக்குள் புகுந்து தொழிலாளரை இழுத்துச் சென்றன. அவற்றைச் சுட்டு வீழ்த்திய பொறியாளர் பாட்டர்சன் எழுதிய நூலால் அக்கதை உலகறிந்ததாயிற்று. சிங்கங்களின் உடல்கள் இன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இறந்த தொழிலாளரில் மிகப் பலருடைய பெயரை அறிவாரில்லை. அவர்களும் ஏதோ ஓர் அட்டவணையில் வெறும் எண்ணாக முடிந்தவர்கள்தாமே என்று எண்ணிக் கொண்டோம்.

வோய் வாயிலைக் கடந்து காப்பகத்துக்குள் நுழைந்ததும், மகனுடைய முகம் சற்றே வாடியது. படங்களில் கண்ட பச்சைப் புல்வெளியும் ஆயிரமாயிரம் விலங்குகளும் அங்கே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண். அதன்மேல் இலையுதிர்த்த சாம்பல் நிற முட்புதர். இடையிடையே பருத்த அடிமரத்துடன் பெருக்க மரங்கள். கிழக்குச் சாவோவின் பரப்பு மட்டும் 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆண்டு மழையோ பல இடங்களில் 500 மில்லிமீட்டருக்கும் குறைவு. வேறு காப்பகங்களில் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டிகள் நிற்பதுண்டாம். இங்கே மூன்று மணி நேரத்தில் நாம் எதிர்கொண்ட வண்டிகள் இரண்டே. எஞ்சினை நிறுத்தினால், காற்று முட்களினூடே செல்லும் ஓசையும் எங்கோ ஒரு புறாவின் குரலும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

வண்டியோட்டி அவ்வட்டாரத்து டைட்டா இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். மகன் சிங்கம் எங்கே என்று மூன்றாம் முறை கேட்டபோது, அவர் சிரித்துக் கொண்டே, "போலே போலே" என்றார். மெல்ல மெல்ல என்று பொருள். ஒரு புதரைச் சுட்டிக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நீண்ட கழுத்து அசைந்தது. மான் ஒன்று பின்னங்கால்களில் மனிதனைப்போல் நிமிர்ந்து நின்று, உயரத்திலிருந்த தளிர்களைக் கொய்து தின்று கொண்டிருந்தது. சுவாகிலியில் அதனை ஒட்டகச்சிவிங்கி மான் என்னும் பொருள்படவே அழைக்கின்றனர். தின்னும் இலைகளிலுள்ள ஈரமே போதும். நீர் அருந்தாமலே நெடுநாள் உயிர் வாழும் என்றார் அவர். சிங்கத்தை மறந்து மகன் அதையே பார்த்துக் கொண்டிருந்தான்.

யானைக்கு அந்த வரம் இல்லை. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்குமேல் நீர் குடிக்கும் உயிர் அது. நண்பகலில் முடாண்டா பாறை மேல் ஏறி அமர்ந்தோம். வண்டியை விட்டு இறங்கிச் செல்ல இசைவுள்ள சில இடங்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாறை, மேலே பெய்யும் மழையை வழித்துக் கீழேயுள்ள குளத்தில் சேர்க்கிறது. கோடையில் சேறும் சிறிது நீருமாகக் கிடந்த அக்குளத்தை நோக்கி, ஒரு மணி நேரம் கழித்து, செங்கற்சூளையிலிருந்து எழுந்து வந்தாற்போல் சிவந்த யானைகள் வரிசையாக வந்தன. அந்நிலத்துச் செம்மண்ணை அவை மேலே பூசிக் கொள்வதால் வந்த நிறம் அது. முன்னே மூத்த பெண் யானை, நடுவே குட்டிகள். தள்ளாட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. குட்டிகளுக்கு இடம் விட்டுப் பெரியவை சூழ நின்றன. நியாயவிலைக் கடையிலும் இத்தகைய ஒழுங்கை நாம் கண்டதில்லை.

அங்கே அமர்ந்திருந்தபோது வண்டியோட்டி ஒரு செய்தி சொன்னார். 1970, 71 ஆண்டுகளில் சாவோவில் கொடிய வறட்சி வந்தது. ஆயிரக்கணக்கான யானைகள் மாண்டன. மாண்டவற்றில் பெண் யானைகளும் குட்டிகளுமே மிகுதி. நீர் வற்றாத ஆற்றங்கரையில் இருந்தும் அவை இறந்தன; காரணம் பசி. கரையோரத் தழையெல்லாம் தீர்ந்த பின், தொலைவிலுள்ள தழைக்கு நடக்கக் குட்டிகளுக்கு வலுவில்லை. குட்டியை விட்டுச் செல்லத் தாய்க்கு மனமில்லை. ஆண் யானைகள் தனித்து நெடுந்தூரம் நடந்து பிழைத்தன.

நீருக்கும் உணவுக்கும் இடையிலுள்ள வழிதான் வறண்ட நிலத்தில் உயிர் என்பது அப்போது விளங்கிற்று. அவ்வழியின் குறுக்கே மனிதன் தண்டவாளம் போட்டால் என்ன ஆகும்? கிழக்குச் சாவோவுக்கும் மேற்குச் சாவோவுக்கும் இடையே நெடுஞ்சாலையும் பழைய பாதையும் புதிய பாதையும் ஒன்றையொட்டி ஒன்று ஓடுகின்றன. யானைகளோ இரு பக்கமும் வாழ்கின்றன. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வட்டாரம் முழுவதும் ஏறத்தாழ 15,000 யானைகள் இருந்தன. அவற்றுக்கு எல்லைக்கோடு ஏது?

மாலையில் மன்யானி வாயில் வழியே வெளியேறி, நெடுஞ்சாலையில் வோய் நோக்கித் திரும்பும்போது, "உங்கள் அத்தானுக்கு வேண்டியது இதுவாகத்தான் இருக்கும்" என்று மைத்துனரிடம் சொல்லி, வண்டியோட்டி சாலையோரம் நிறுத்தினார். உயர்ந்த மண்மேட்டின்மேல் புதிய இரயில் பாதை. அம்மேட்டில், யானை தலை நிமிர்ந்து செல்லும்படி அகன்று உயர்ந்த ஒரு திறப்பு. விலங்குகள் கடப்பதற்கென்றே இத்தகைய அடிவழிகளைச் சாவோவில் அமைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் யானைகள் தயங்கினவாம். சிலவற்றின் கழுத்தில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, அவை அடிவழிகளைப் பயன்படுத்தக் கற்றுக் கொண்டது தெரிய வந்தது. ஆயினும் விபத்துகள் அறவே நின்றுவிடவில்லை என்பதையும், அடிவழியைத் தாண்டியபின் நெடுஞ்சாலை லாரிகளின் ஆபத்து இன்னும் இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம். திறப்பின் மறுபுறத்தில் நான்கு யானைகள் வந்து நின்றன. மூத்தது துதிக்கையைத் தரையில் வைத்து முகர்ந்தது, நெடுநேரம் அசையாமல் நின்றது, பிறகு நுழைந்தது. பின்னே மற்றவை, கடைசியில் இருந்ததன் வாலை ஒட்டி ஒரு குட்டி. இப்பால் வந்ததும் சாலையில் லாரிகள் ஓயக் காத்திருந்து, கடந்து, புதருக்குள் மறைந்தன. கால் மணி நேரம் சென்றபின், விளக்கொளியுடன் ஒரு சரக்கு இரயில் மேலே வேகமாகச் சென்றது. அதன் ஓட்டுநருக்குக் கீழே நடந்தது எதுவும் தெரிந்திராது. நாம் பழக்க மிகுதியால் மனத்துக்குள் அட்டவணையில் எழுதினோம்: தாமதம், இல்லை. எழுதும்போது கண் கலங்கியது. இல்லாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அந்த மழைக்கால வரியை அவளும் அறிவாள்.

சிங்கத்தை நாங்கள் மறுநாள் கண்டோம். ஒரு புதர் நிழலில் உறங்கிக் கொண்டிருந்தது. ஊர் திரும்பியபின் நண்பர்கள் கேட்டபோது, மகன் முதலில் சொன்னது குட்டி யானை பாலத்தின் கீழ் போன கதையைத்தான்.

நம் நாட்டிலும் இது இயலாததன்று. கோவையை அடுத்த மதுக்கரைக் காட்டில் யானைகளுக்கு அடிவழிகள் அமைந்துள்ளன. 2024-இல் அங்கே, யானை பாதையை நெருங்கினால் முன்கூட்டியே எச்சரிக்கும் கேமராக்களும் நிறுவப்பட்டன. நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது சிறிது. இனி விலங்கு அடிபட்ட செய்தி வந்தால், அட்டவணையுடன் தனித்தாள் ஒன்றை இணைத்து, எந்தக் கிலோமீட்டர்க் கல்லருகே, எந்த நேரத்தில், எத்தனை உயிர் என்று எழுதிச் சேர்ப்பதாக மேலதிகாரியிடம் இசைவு கேட்டோம். "எழுதும், பார்ப்போம்" என்றார். எழுதத் தொடங்கிவிட்டோம். எந்த இடத்தில் வழி விட வேண்டும் என்பதை என்றாவது ஒரு பொறியாளர் அத்தாள்களிலிருந்து அறிந்து கொள்ளக்கூடும்.

அன்பர்களே! நாமும் நீருக்கும் உணவுக்குமாக ஊர் விட்டு ஊர் நடந்தவர்கள்தாம். குட்டியை விட்டுப் போகாத தாயின் மனம் நம் வீடுகளில் எவருக்கும் புதிதன்று. அடுத்த கோடை விடுமுறையில் நீங்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகையில், நள்ளிரவில் ஏதேனும் ஒரு காட்டினூடே வண்டி ஆமையென நகர்ந்தால், முணுமுணுக்க வேண்டாம். விழித்துக் கொண்ட பிள்ளையைச் சன்னலருகே அமர்த்தி, இருளைக் காட்டி, "யாரோ கடந்து போகிறார்கள், போகட்டும்" என்று சொல்லுங்கள்.