டேங்க் ஏன் நிறையவே இல்லை?

தோழர்களே,

இன்று அரசியல் மேடைப் பேச்சு இல்லை. கிணற்றடிப் பேச்சு. ஆனால் இதுவும் அரசியல்தான்.

திண்டுக்கல் பக்கம் எங்க அப்பத்தா வீட்டுல கழிப்பறை கட்டினப்போ மேஸ்திரி சொன்னார்: "அடியில காங்கிரீட் போடாம விட்டுடுவோம் தம்பி, டேங்க் நிறையவே நிறையாது." எல்லோருக்கும் சந்தோஷம். லாரி கூப்பிடுற செலவு மிச்சம். நாலு வருஷம் டேங்க் நிறையவே இல்லை. அது எங்கே போச்சுன்னு இன்ஜினியரிங் படிச்ச நான்கூடக் கேட்கல. குடிக்கிற கிணறு 25 அடி தள்ளித்தான் இருந்துச்சு.

ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி எடுத்த அக்கா ஒருவர், சின்ன பாட்டிலில் கிணற்றுத் தண்ணியைப் பிடித்து வைத்தார். மறுநாள் பாட்டில் கறுத்துப் போயிருந்தது. கிருமி கலந்திருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. தண்ணி என்னவோ கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் இருந்துச்சு.

செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்கணும் என்கிறது ஐ.எஸ். 2470 தரவிதி. இதுவும் குறைந்தபட்சம்தான். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்பு விட்ட பாறை. வெடிப்பு வழியா இறங்குற கழிவுநீர் டேப் வச்சு அளந்து பார்த்தா ஓடும்? அதனாலதான் அளந்தா மட்டும் போதாது, மண்ணையும் சோதிக்கணும்.

அது கஷ்டமான வேலை இல்லை. உறிஞ்சுகுழி வரப்போற இடத்துல, அதே ஆழத்துக்கு, ஒரு அடிக்குள்ள அகலமா ஒரு துளை போடுங்க. அடியில ரெண்டு இஞ்ச் பொடி ஜல்லி போட்டு, தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடுங்க. மறுநாள் மறுபடி தண்ணி ஊத்தி, ஒரு இஞ்ச் இறங்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. அரை மணிக்குள்ள இறங்கினா குழி தாங்கும். ஒரு மணியைத் தாண்டினா களிமண். மழைக்காலத்துல கழிவு மேலே பொங்கும். ஊத்தின உடனே மடமடன்னு குடிச்சிட்டா சந்தோஷப்படாதீங்க, அந்த மண்ணு எதையும் வடிகட்டாது. நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு பார்க்கிறதையும் கோடையில செய்யாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில பாருங்க.

கிணற்றுத் தண்ணிக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் இருக்கு. கிருமிச் சோதனைக்குச் சுத்திகரித்த பாட்டில்தான் வேணும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில்ல கொண்டு போகாதீங்க. 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணியில பால் பவுடர் கலக்குறது ஆபத்து.

இனி அரசியல். தனிநபர் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். எத்தனை கட்டினோம் என்ற கணக்கு பலகையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துக் கிணறு எத்தனை அடி என்ற கணக்கு எங்கே? கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பயிற்சி என்பது ஜல் ஜீவன் திட்டம். உங்க ஊர்ல அந்த ஐந்து பேர் யார்? பெட்டி பிரிச்சிருக்கா, இல்லை ஊராட்சி அலுவலக பீரோவிலேயே தூங்குதா?

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராமசபை கூடும். நம்ம தோழர்கள் கொடி பிடிச்சுப் போனா மட்டும் பத்தாது. ஊர்க் கிணறுகளின் சோதனை முடிவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்க, தீர்மானமாப் பதிவு செய்ய வைங்க. நகல் வாங்கி இந்தப் பதிவின் கீழே போடுங்க.

அப்பத்தா வீட்டு டேங்குக்கு இப்போ அடி கட்டியாச்சு. உறிஞ்சுகுழி வீட்டுக்குப் பின்னால, சரிவுப் பக்கம், 70 அடி தள்ளி. கிணற்றுக்குப் பிளீச்சிங் போட்டு, ரெண்டாவது சாம்பிள் போன வாரம் கொடுத்திருக்கோம். முடிவு வந்ததும் இங்கேயே போடுறேன்.

#கிணற்றைச்_சோதிப்போம்